ஹெர்ன்சியைக் கூப்பிடுகிறவள்

எங்கள் ஊர் விடிகாலையில் இருக்காது. மே மாதத்தில்கூட அப்படித்தான். வெள்ளையாக ஒரு மூட்டம் மட்டும் இருக்கும். அதற்குள் எங்கேயோ ஒரு மாடு இருமும். கொஞ்ச நேரம் கழித்து சர்ச் கோபுரத்தின் நுனி முளைக்கும். பிறகு வில்லோ மரங்களின் மொட்டைத் தலைகள், பிறகு கூரைகள். எட்டு மணிக்கு மேல்தான் ஊர் என்று ஒன்று மெதுவாக இறங்கி வந்து தரையில் உட்காரும். மழைக்காலத்தில் அந்தத் தரையும் இருக்காது. சுற்றிலும் தண்ணீர், நாங்கள் நடுவில்.

இப்படி வந்து போகிற ஊரின் பெயர் மட்டும் எப்படி நிலையாக நிற்கும்? ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தன் படகில் வந்தபோது, தண்ணீருக்கு நடுவே ஒரு திட்டையும் அதன்மேல் ஒற்றைக்காலில் நின்ற ஒரு நாரையையும் பார்த்திருக்கிறான். நாரைத் தீவு என்று தன் பாஷையில் சொல்லியிருக்கிறான். ஹெர்ன்சி. நாரை பறந்துவிட்டது, சொல் தங்கிவிட்டது. நானூறு வருஷம் கழித்துக் கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்தவர்களில் டார்வில் என்ற குடும்பத்துக்கு இந்தத் திட்டு கிடைத்தது. அவர்கள் தங்கள் பெயரைப் பின்னால் கட்டிவிட்டார்கள். ஹெர்ன்சி டார்வில். ஐம்பது பேர் குடியிருந்த சேற்றுத் திட்டுக்கு அரசகுமாரன் பெயர்போல ஒரு பெயர்.

1853இல் ரயில் வந்தது. அதே பாதையில் வேறொரு ஹெர்ன்சி ஏற்கெனவே இருந்ததால், கம்பெனிக்காரர்கள் எங்கள் நிலையத்துக்கு டார்வில் என்று மட்டும் பலகை வைத்தார்கள். டிக்கெட்டில் டார்வில், கடிதத்தில் டார்வில், பிறகு வரைபடத்தில் டார்வில். 1964இல் ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு போகவில்லை. தலை போய் வால் மட்டும் மிஞ்சிய ஊர் எங்களுடையது. இதையெல்லாம் ஆவணக் காப்பகத்தில் தூசி தட்டி, மூலப் பத்திரங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நான் பால் வண்டி ஓட்டுகிறவரின் மகன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். என் ஆய்வேடே இந்த ஊரின் பெயரைப் பற்றித்தான்.

வருஷத்துக்கு ஒரு காலை மட்டும் அந்தத் தலை திரும்பி வரும். ஆற்றோரம் நாற்பது ஏக்கர் புல்வெளி ஒன்று இருக்கிறது. 1268இல் இசோல்டா டார்வில் என்ற விதவை அதன் புல்லை ஊருக்கு விட்டுக்கொடுத்தாள், ஒரு நிபந்தனையோடு. தீவின் மண்மேல் பிறந்த ஒருவர், வருஷந்தோறும், ஆற்றின் எதிர்க்கரையில் நிற்கிறவன் காதில் விழும்படி, ஊரை அதன் பெயரால் மூன்று முறை கூப்பிட வேண்டும். கூப்பிடாத வருஷம் புல் டார்வில் எஸ்டேட்டுக்கே திரும்பிவிடும். இன்றைக்கும் மே மாதத்து முதல் ஞாயிறு விடியலில், எதிர்க்கரையில் காரை நிறுத்திவிட்டு எஸ்டேட் ஆள் ஒருவர் கோட்டுப் பைக்குள் ஒரு கையை விட்டுக்கொண்டு நின்று கேட்பார். அந்தக் கரையில் நிற்பது சும்மா சம்பிரதாயம் என்று நினைத்தால், அவருடைய இன்னொரு கையிலிருக்கும் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும்.

நாற்பத்து நாலு வருஷமாகக் கூப்பிட்டவள் பெரில் மீக்கர்.

பெரில் குட்டை. மணிக்கட்டு தடிமன். வடிகால் வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் ஜேசிபி ஓட்டினாள்; இந்தச் சதுப்பிலுள்ள ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு தடவையாவது அவள் கையால் தூர் வாரப்பட்டதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண்கள் அவளுடைய வண்டிச் சாவியை ஒளித்துவைப்பார்களாம். அவள் சாவியைத் தேடவே மாட்டாளாம். நடு வயலில் நின்று ஒளித்தவன் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போடுவாளாம். பக்கத்து ஊரில் அவன் மாமியாருக்கே கேட்கும் என்பார்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். கல்யாணம் ஆன பத்தாவது வருஷம் அவள் கணவர் கிரஹாமுக்கு ஒரு காது மந்தமானது. "பொண்டாட்டி பக்கத்துக் காது" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த ஞாயிறுகளில் அவள் குரல் சத்தமாக வராது. நாரைக் கல் என்று நாங்கள் சொல்லுகிற கல்மேல் ஏறி நிற்பாள். கால் முட்டிவரை மூட்டம். வாயைத் திறந்ததும் வருவது ஒரு பறவை தண்ணீரைத் தொடாமல் அதன் மேலேயே பறந்து போவதுபோல நீளமாக, தாழ்வாகப் போகும். "ஹெர்ன்சீ…" சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது, அவள் கூப்பிட்ட பிறகுதான் கோபுரம் முளைக்கிறது என்று நம்பியிருக்கிறேன்.

அவள் பிறந்த கதை ஊருக்கே மனப்பாடம். 1951 குளிர்காலத்தில் தண்ணீர் மாடிப்படியில் ஏறிவிட்டது. அவள் அம்மாவுக்கு வலி கண்டு குழந்தை குறுக்கே கிடந்தது. படகில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஊருக்கு வெளியே பிரசவம் ஆகிறதென்றால் கட்டிலுக்கடியில் ஹெர்ன்சி மண் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை இந்த மண்மேல் பிறந்ததாகக் கணக்கில்லை. ஊர் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறது, மண்ணுக்கு எங்கே போவது? அவள் அப்பா பெர்சி நிலக்கரி வாளியை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கு மேல் தெரிந்த ஒரே இடமான ரயில் மேட்டுக்குப் படகைத் திருப்பினார். வாளி நிறைய அள்ளினார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அதைக் கண்டு கத்த, "அது என் பிள்ளையோட ஊரும்மா, காலால தள்ளாதீங்க" என்றாராம். இந்த வசனத்தை மதுக்கடையில் நடித்துக் காட்டாத ஆள் கிடையாது.

போன வருஷம் ஏப்ரலில், ஊர்க்குழு போடவிருந்த சிறுபுத்தகத்துக்காக நான் எழுதியதை எடுத்துக்கொண்டு பெரில் வீட்டுக்குப் போனேன். வாளிக் கதையில் தேதி சரியா என்று கேட்க வேண்டியிருந்தது. அவள் சமையல் மேசையில் வெங்காயம் உரித்து ஊறுகாய் ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முழுசும் படி கண்ணு. உங்கப்பன் சொல்றான் நீ இங்கிலீஷை லத்தீன் மாதிரி எழுதறியாம்."

படித்தேன். நாரை வந்தது, டார்வில் வந்தார்கள், ரயில் வந்தது. ரயில் கம்பெனியின் பழைய ஒப்பந்தத்திலிருந்து நான் தோண்டியெடுத்த தகவல் எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கொஞ்சம் அழுத்தியே படித்தேன். எங்கள் கருப்புச் சேற்று மண் எடை தாங்காது. தண்டவாளத்துக்காக இரண்டு தடவை போட்ட மேடு இரண்டு தடவையும் உள்வாங்கிவிட்டது. ஆகவே முப்பது மைலுக்கு அப்பால் இருந்த மலையை வெட்டி, சிவப்பு மண்ணைப் பதினோராயிரம் வண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள். 'புதிய பெயர் மட்டுமல்ல, அது நின்ற மண்ணும் வெளியூரிலிருந்து வந்ததே' என்று முடித்திருந்தேன்.

கத்தி நின்றது.

"அந்த மேட்டு விஷயத்தை இன்னொரு தடவை படி."

மறுபடி படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெர்சி வாளியில் அள்ளியது எங்கள் மண்ணே இல்லை. நூறு வருஷமாகப் புல் முளைத்து, முயல் வளை தோண்டி, பிள்ளைகள் சறுக்கி விளையாடிய மேடு. அதை வெளியூர் என்று யாருக்குத் தோன்றும்? பெர்சிக்குத் தோன்றவில்லை, ஊருக்குத் தோன்றவில்லை, மூன்று வருஷம் படித்த எனக்கும் தோன்றவில்லை. பெரில் பிறந்தது ஹெர்ன்சி மண்மேல் இல்லை. டார்வில் மண்மேல். அவள் கூப்பிட்ட நாற்பத்து நாலு வருஷமும் செல்லாது.

"பெரில், நான் இதை எடுத்துடறேன்."

"எதுக்கு?"

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான்…"

"எனக்குத் தெரியுமே பையா. நாப்பத்தெட்டு வருஷமாத் தெரியும்." வெங்காயத்தை மீண்டும் உரிக்கத் தொடங்கினாள். "வேலைக்குச் சேர்ந்த மொத மாசம். பழைய ரயில் மேட்டுல ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னாங்க. மேல்புல்லைச் சீவினேன், அடுத்த தடவை வாரினா செவப்பா வருது. மாமிசம் மாதிரி. எஞ்சினை அணைச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். சாயந்தரம் நகத்துக்குள்ள போன செவப்பு மூணு நாளு போகலை. நம்ம ஊர் மண்ணு நகத்துல போனா கருப்பு. நான் மண்ணுல பொழைக்கிறவ. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்…"

"கூப்பிடச் சொல்லி வந்தாங்க. ரெண்டு தடவை மாட்டேன்னேன். மூணாவது தடவை வந்தப்ப அந்த வருஷம் ஆத்தைத் தாண்டற வேற தொண்டை இல்லை. சரின்னுட்டேன். ஒரு வருஷந்தானேன்னு." ஜாடியை மூடினாள். "ஒவ்வொரு மே மாசமும் அந்தக் கல்லுல ஏறும்போது கால் கூசும். ஆனா வாயைத் தொறந்தா வந்துடுது. அது எங்கிருந்து வருதுன்னு எனக்கே தெரியாது. அதை விட்டுட்டா எனக்குன்னு என்ன இருக்கு? தூர் வாரின வாய்க்கால்தான் இருக்கு. அதுவும் அடுத்த வருஷம் தூர்ந்து போயிரும்."

"அப்ப எடுத்துடறேனே."

"வேண்டாம். பொய்யை ஒருத்தி சுமக்கலாம். ரெண்டு பேரு சுமந்தா கீழ விழுந்துரும். அச்சுல போடு. ஆனா ஊர்க்காரங்க புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம். நானே சொல்றேன்."

அடுத்த ஞாயிறு மத்தியானம், கூப்பிடுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், 'விலாங்கு' மதுக்கடையில் சர்ச் முடிந்து வந்த கூட்டம் இருந்தது. பெரில் நேராக மூலை மேசைக்குப் போனாள். அங்கே கிளெம் பூபியர் சைடர் குவளையோடு உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது. சர்ச் காரியஸ்தர், இசோல்டாவின் பத்திரத்தை வைத்திருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி அவரிடம்தான். 1979இல் பெரிலுக்குப் போட்டியாக நின்றவர். அவர் குரல் எண்ணெய் போடாத கேட் மாதிரி இருக்கிறதென்று ஊர் ஒதுக்கிவிட்டது. அன்றிலிருந்து அவளோடு பேசும்போதெல்லாம் ஒரு முள் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, இப்போது அந்தக் கேட்டும் இல்லை. வெறும் காற்றாக ஒரு கிசுகிசுப்பு. கடையை நடத்துகிற அவர் தங்கை மகள் ட்ரூடி குனிந்து கேட்டு, கடைக்கே கேட்கும்படி சொல்லுவாள்.

பெரில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, மேடு, சிவப்பு மண், நாற்பத்தெட்டு வருஷம். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

கிளெம் ஒரு வாய் குடித்தார். உதடு அசைந்தது. ட்ரூடி குனிந்தாள்.

"கிளெம் சொல்றாரு: அதான் ரயில் ஊதற மாதிரி கத்துறியா, இப்பத்தான் புரியுது."

ஒருத்தர் சிரித்தார். பெரில் சிரிக்கவில்லை. "கேலியெல்லாம் அப்புறம் பண்ணிக்கோ கிழவா. அடுத்த ஞாயிறு யாரு கூப்பிடறது? அதைச் சொல்லு."

ட்ரூடி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஐம்பதுகளிலிருந்து எல்லோரும் டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். மண் வாளியை உள்ளே விட முடியாதென்று நர்சுகள் நிறுத்திவிட்டார்கள். நானும் அங்கேதான் பிறந்தேன். தீவிலேயே பிறந்து இன்னும் உயிரோடிருப்பது இரண்டே பேர். முதியோர் இல்லத்திலிருக்கும் நோரா கிழவிக்குத் தன் பெயரே ஞாபகமில்லை. இன்னொருவர் கிளெம், தன் வீட்டு அடுப்படியிலேயே பிறந்தவர்.

எல்லோரும் கிளெமைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்டது மேசைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது, தொண்டை இல்லை. அந்தக் கிசுகிசுப்பு ஆற்றைத் தாண்டுமா? மேசையையே தாண்டாது. அவர் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் உதடு அசைந்தது. ட்ரூடி குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். "திரும்பச் சொல்லுங்க மாமா… ம். கிளெம் சொல்றாரு: இப்ப நான் பேசறதை நீதானே சத்தமாச் சொல்றே. அது என் பேச்சா, உன் பேச்சா?"

"உங்க பேச்சுதான், வேற என்ன? என் பேச்சா இருந்தா இவ்வளவு மோசமாவா இருக்கும்?" என்றாள் ட்ரூடி.

"கிளெம் சொல்றாரு: அப்ப அவ காதுல நான் கூப்பிடறேன். அவ ஆத்துக்குச் சொல்லட்டும்."

பெரில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கிளெம்…"

"இருங்க, கிளெம் இன்னும் சொல்றாரு: அவ வெறும் குழாய்தான். கூப்பிடறது நான். அதை இந்தப் பையன் புஸ்தகத்துல போடணும்."

நான் போடுவதாகச் சொன்னேன். பெட்டியைத் திறந்து பத்திரத்தை நானே வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். பிறந்தவன் கூப்பிட வேண்டும், எதிர்க்கரையில் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும் என்று இசோல்டா எங்கேயும் எழுதவில்லை.

மே முதல் ஞாயிறு. வானமும் தரையும் ஒரே வெள்ளை. கிளெமால் ஈரப் புல்லில் நடக்க முடியாது. பெரில் தன் டிராக்டர் டிரெய்லரில் ஒரு சமையலறை நாற்காலியைக் கட்டி, அவரைக் கம்பளியில் சுற்றி உட்காரவைத்து இழுத்து வந்தாள். நாங்கள் அறுபது பேர் பின்னால் நடந்தோம். பக்கத்தில் நடப்பவர் முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கனவில் நடப்பது மாதிரி கால் எங்கே படுகிறதென்றே தெரியவில்லை. கல்லை ஒட்டி டிரெய்லரை நிறுத்தினாள். அவள் கல்மேல் ஏறி நின்றதும் அவள் காதும் அவர் வாயும் ஒரே உயரத்துக்கு வந்தன. எதிர்க்கரையில் காரின் விளக்கு ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

கிளெம் குனிந்து ஏதோ சொன்னார். பெரில் வாயைத் திறக்கவில்லை.

"என்ன சொல்றாரு?" என்றாள் ட்ரூடி.

"போன வாரம் நான் குடுத்த முட்டையில ரெண்டு அழுகலாம்."

கூட்டத்தில் சிரிப்பு பரவி மூட்டத்துக்குள் போய் அணைந்தது.

"சொல்லு கிழவா. வெளிச்சம் வருது."

அவர் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் தோளில் வைத்தார். கண்ணை மூடினார். அவருக்குப் பக்கத்திலேயே நின்றதால் எனக்கும் கேட்டது. தொண்டையில்லாத அந்தக் காற்று, நாணல் வழியாக வருவதுபோல, "ஹெர்ன்சி" என்றது. எண்பத்தைந்து வருஷம் காத்திருந்து சொன்ன ஒரு சொல்.

பெரில் அதை வாங்கிக்கொண்டாள். ஒரு நொடி அப்படியே வைத்திருந்தாள். பிறகு விட்டாள்.

நான் சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்தான். ஆனால் அந்தக் காலை அது வேறாக இருந்தது. கால் கூசாத குரல். தண்ணீர்மேல் போய், எதிர்க்கரை வில்லோக்களைத் தொட்டு, அங்கிருந்து யாரோ சொன்னதுபோலத் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை கிளெமின் உதடும் அவள் உதடும் கிட்டத்தட்ட ஒன்றாக அசைந்தன. மூன்றாவது தடவை முடிந்ததும் நாங்கள் அறுபது பேரும் வழக்கப்படி "இங்கே இருக்கோம்" என்றோம். எதிர்க்கரையில் எஸ்டேட் ஆள் தொப்பியை எடுத்து ஆட்டினார். வாய் யாருடையது, காற்று யாருடையது என்று அவர் கேட்கவில்லை. குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டிருப்பார்.

பெரில் கல்லிலிருந்து இறங்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றாள். தோள் இரண்டு தடவை குலுங்கியது. கிளெம் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இப்ப என்ன?"

அவர் சொன்னதைக் கேட்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள்: "ரெண்டாவது கூப்பாட்டுல மூச்சு பத்தலையாம். அடுத்த வருஷம் ஒழுங்காப் பண்ணணுமாம்."

சிறுபுத்தகம் ஜூனில் வந்தது. சிவப்பு மண் வாக்கியம் அப்படியே இருக்கிறது. அடுத்த பக்கத்தில், அழைத்தவர் கிளெம் பூபியர், குரல் பெரில் மீக்கர் என்று இருக்கிறது. கிளெம் பத்துப் பிரதிகள் வாங்கினார்.

கூப்பிட்ட மறுநாள் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகிற வழியில், கிளெம் வீட்டுப் பின்பக்கம் ஜேசிபி சத்தம் கேட்டது. யாரும் கேட்காமலே பெரில் அங்கிருந்த வாய்க்காலைத் தூர் வாரிக்கொண்டிருந்தாள். கருப்பு மண் பளபளவென்று கரையில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி என்ன என்று கேட்டேன்.

"அந்தாளு படுக்கிற ரூம் ஈரம்," என்று எஞ்சினுக்கு மேல் கத்தினாள். "நெஞ்சுல சளி கட்டிடும். சூப்பு வச்சுக் குடுத்திருக்கேன், வேண்டாம்னு ட்ரூடிகிட்ட சொல்றாராம். நீ உள்ள போயி அவரு குடிக்கிறாரான்னு கொஞ்சம் பாத்துட்டுப் போ கண்ணு."